நூற்பாலைகளுக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் தரகர்களைத் தடுக்கும் வேலையில், மீண்டு வந்தவர்களுக்கும் வளர்த்தவர்களுக்கும் என்ன இடம்?

கரிசல்மண் (இழையைத் தொடங்கியவர்)

விருதுநகர், தென்காசி மாவட்ட எல்லையோரக் கிராமங்களில் குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் இருக்கிறேன். ஆண்டுத் தேர்வு முடிந்து, மதிப்பெண் வந்து, அடுத்து என்ன என்று வீடுகள் குழம்பி நிற்கும் ஏப்ரல், மே மாதங்களில்தான் கோவை, திருப்பூர், ஈரோடு, திண்டுக்கல் பகுதி நூற்பாலைகளுக்கு ஆள் சேர்க்கும் தரகர்கள் எங்கள் ஊர்களுக்குள் மிகுதியாக வருகிறார்கள். மூன்றாண்டு விடுதியில் தங்கி வேலை செய்தால் முடிவில் முப்பதாயிரம் முதல் அறுபதாயிரம் ரூபாய் வரை மொத்தமாகக் கிடைக்கும், அதை வைத்துத் திருமணம் செய்துகொள்ளலாம் என்று ஆசை காட்டிய 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயர் இன்று பெரும்பாலும் மறைந்துவிட்டது. ஆனால் விடுதிக்குள் அடைத்து வைப்பதும், தொலைபேசியைக் கட்டுப்படுத்துவதும், பாதியில் திரும்பினால் சேர்ந்த பணத்தைத் தர மறுப்பதும் 'கேம்ப் கூலி' என்ற பெயரில் இன்னும் சில இடங்களில் தொடர்கின்றன.

இதை ஆள்கடத்தல் என்று சொல்வது மிகை என்று கருதுவோர் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் அவை ஏற்று, 2011இல் இந்தியாவும் உறுதி செய்த, ஆள்கடத்தலைத் தடுப்பதற்கான பலேர்மோ நெறிமுறையின்படி, பதினெட்டு வயது நிறையாத ஒருவரைச் சுரண்டும் நோக்கத்துடன் வேலைக்குச் சேர்த்தாலோ, கொண்டு சென்றாலோ, அதில் ஏமாற்றோ மிரட்டலோ இல்லாவிட்டாலும் அது ஆள்கடத்தலே. நம் நாட்டுச் சட்டமும், முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 370ஆவது பிரிவாக இருந்து இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 143ஆவது பிரிவாக இருப்பது, பாதிக்கப்பட்டவர் சம்மதித்தாரா என்பதைப் பொருட்படுத்துவதில்லை.

இனி என் கேள்விக்கு வருகிறேன். எங்கள் நிறுவனம் ஜூலை 30, ஆள்கடத்தல் எதிர்ப்பு நாளுக்கு ஒரு நிகழ்ச்சி திட்டமிடுகிறது. அதிகாரிகள் பேசுவார்கள்; ஆலையிலிருந்து மீண்டு வந்த ஒரு பெண் 'தன் அனுபவத்தைப் பகிர்வார்'; தாய்மாருக்கு விழிப்புணர்வு உரை இருக்கும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஜூலை முடிவதற்குள் அந்த ஆண்டு போக வேண்டிய பிள்ளைகள் விடுதிகளுக்குள் போய்விடுகிறார்கள். அதைவிட, மீண்டு வந்தவரை மேடையில் அழ வைத்து அனுப்புவதும், வளர்த்தவர்களைக் கீழே அமர்த்தி அறிவுரை சொல்வதும் அவர்களை ஈடுபடுத்துவதாகாது. திட்டம் போடும்போதே அவர்கள் உடன் இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு. இதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்று இங்குள்ளவர்கள் சொல்ல வேண்டும்.

வகுப்பறை

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆசிரியராக இருக்கிறேன். 'வளர்த்தவர்கள்' என்று நீங்கள் குறிப்பிட்டது சரியான சொல். எங்கள் பகுதியில் பல பிள்ளைகளுக்குப் பாட்டியோ, அத்தையோ, மணமான அக்காளோதான் வீட்டுப் பெரியவர். பெற்றோர் செங்கல் சூளைக்கோ திருப்பூருக்கோ போயிருப்பார்கள். தரகர் முதலில் பேசுவது அந்தப் பாட்டியிடம்தான். அவர் கையில் அன்றைக்கே ஒரு தொகை முன்பணமாக வைக்கப்படுகிறது. அரசின் உதவியோ பிறகு வருகிறது. புதுமைப் பெண் திட்டத்தில் அரசுப் பள்ளியில் படித்த மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய் உண்டு என்றாலும், அவள் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான் அது கைக்கு வரும். தேர்வு முடிவதற்கும் கல்லூரி தொடங்குவதற்கும் இடைப்பட்ட அந்த வாரங்களில் சேர்க்கைக் கட்டணம், பேருந்துச் செலவு, வீட்டுக் கடன் எல்லாம் ஒன்றாக வந்து நிற்கின்றன. அந்த இடைவெளியைத் தரகர்கள் நம்மைவிட நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள்.

ஆகவே பாட்டிமாருக்கு விழிப்புணர்வு இல்லை என்ற கணிப்பிலிருந்து தொடங்கினால் எதுவும் நடக்காது. ஆபத்து அவர்களுக்குத் தெரியாமலில்லை. மறுத்துவிட்டால் வேறு என்ன வழி என்பதுதான் அவர்களுக்குத் தெரியவில்லை. மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளரும் பிள்ளை போன்றோருக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் நிதி ஆதரவு பெற வழி இருக்கிறது. கிராமப்புறக் குடும்பத்துக்கு ஆண்டு வருமான வரம்பு எழுபத்திரண்டாயிரம் ரூபாய். அந்த வரம்பு மிகக் குறைவு என்பது என் கருத்து. ஆனாலும் தகுதியுள்ள எத்தனையோ பாட்டிகளுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. விண்ணப்பத்தை நிரப்பி, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துக்கு அவர்களுடன் சென்றுவர ஓர் ஆளை ஏற்பாடு செய்யுங்கள். எந்த உரையையும்விட அது பயன் தரும்.

இன்னொன்று. கல்வி உரிமைச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும் என்கிறது. 'பாதுகாவலர்' என்று சட்டத்திலேயே இருப்பதால் வளர்க்கும் பாட்டியும் உறுப்பினராகலாம். நடைமுறையில் யாரும் அவரை அழைப்பதில்லை.

நூற்பாலைப்பெண்

நான் ஆலை விடுதியில் இருந்து வந்தவள். எந்த ஆலை, எந்த ஊர் என்பதை எழுதப் போவதில்லை. அதைச் சொல்லாமலும் என்னால் பயன்பட முடியும் என்பதைக் காட்டவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்துகிறேன். ஆலை வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. வயது நிரம்பி, கூலியை மாதாமாதம் கையில் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை வெளியே போய்வர முடிகிற இடத்தில் வேலை பார்ப்பதில் தவறில்லை. அப்படிப் பார்க்கிற தோழிகள் எனக்கு உண்டு. நீங்கள் ஊருக்குள் வந்து 'மில்லுக்கு அனுப்பாதீர்கள்' என்று பொதுவாகச் சொல்லும்போது, எங்கள் வீடுகளில் அதைக் கேட்பவர்கள், சம்பளம் வாங்கும் வீட்டார் வந்து நமக்குப் புத்தி சொல்கிறார்கள் என்றுதான் எடுத்துக்கொள்கிறார்கள்.

துண்டறிக்கைகளில் தரகரை முகம் தெரியாத ஆளாக வரைகிறீர்கள். எங்கள் ஊரில் அவர் பக்கத்துத் தெருக்காரர். அவரை மாமா என்றுதான் கூப்பிடுவோம். தலைக்கு இவ்வளவு என்று ஆலையிடம் வாங்குகிறார். எந்த வீட்டில் அக்காள் கல்யாணக் கடன் இருக்கிறது, எந்த வீட்டில் தகப்பனார் மருத்துவமனையில் கிடக்கிறார், எந்த வீட்டில் சடங்கு வைத்துக் கடன்பட்டார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். சில வேளைகளில் முன்பு ஆலைக்குப் போன ஒரு பெண்ணே, அடுத்த ஆளைக் கூட்டி வந்தால் பணம் தருகிறோம் என்று சொல்லப்பட்டு, தன் தோழியை அழைத்துச் செல்கிறாள். அந்தப் பெண்ணைக் குற்றவாளியாக எழுதுவதா, பாதிக்கப்பட்டவளாக எழுதுவதா என்று உங்கள் கூட்டங்களில் ஒருவரும் பேசியதில்லை. அதை முடிவு செய்யாமல் ஊருக்குள் வந்தால் எங்களில் பாதிப்பேர் வாய் திறக்க மாட்டோம்.

வீட்டார் தரகரிடம் என்ன கேட்க வேண்டும் என்று என்னிடம் கேட்டால் சொல்வேன். சம்பளம் யார் கணக்கில் விழும், அந்த வங்கி அட்டை யார் கையில் இருக்கும்? பி.எஃப். எண் எப்போது தருவார்கள்? விடுதியிலிருந்து பிள்ளை தன் தொலைபேசியில் தனியாகப் பேச முடியுமா, வார்டன் பக்கத்தில் நிற்பாரா? பள்ளிச் சான்றிதழின் அசலைக் கேட்கிறார்களா, நகல் போதுமா? உடல்நிலை சரியில்லாமல் ஆறு மாதத்தில் திரும்பினால் அதுவரை வேலை பார்த்த கூலி கிடைக்குமா? இந்த ஐந்துக்கும் நேராகப் பதில் சொல்லாத ஆளுடன் பிள்ளையை அனுப்பக் கூடாது. இவற்றை எந்த அதிகாரியும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை, அங்கே இருந்ததால் தெரிந்துகொண்டோம்.

என் அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் திரும்பிய பிறகு நடந்த ஒரு கூட்டத்தில், பெற்ற பிள்ளையைப் பணத்துக்காக அனுப்பினாயா என்று எல்லார் முன்பும் அவரைக் கேட்டார்கள். அதன்பின் அவர் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை. இன்று எங்கள் தெருவில் யார் வீட்டுக்குத் தரகர் வந்து போகிறார் என்பது முதலில் தெரிவது அவருக்குத்தான். அவர் வாயை அடைத்தது தரகரல்லர்.

வழக்குமன்றம்

சகோதரியின் பதிவு இந்த இழையின் மையத்தைத் தொட்டுவிட்டது. இருந்தாலும், ஒரு வழக்கறிஞராக எச்சரிக்கை ஒன்றை முன்வைக்க வேண்டியிருக்கிறது. ஈடுபடுத்துகிறோம் என்ற நல்லெண்ணத்தில் செய்யப்படும் பல செயல்கள் சட்டத்துக்குப் புறம்பானவை. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆவது பிரிவின்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி உட்பட அடையாளம் காட்டும் எந்த விவரத்தையும் ஊடகங்களில் வெளியிடுவது ஆறு மாதம் வரை சிறைத் தண்டனைக்கோ இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதத்துக்கோ இரண்டுக்குமோ உரிய குற்றமாகும். பாலியல் வன்முறை தொடர்பான வழக்குகளில் போக்சோ சட்டத்தின் 23ஆவது பிரிவும் சேரும். முகத்தை மங்கலாக்கிவிட்டு, ஊர்ப் பெயரையும் பள்ளியின் பெயரையும் கீழே எழுதும் முகநூல் பதிவுகளை நான் அடிக்கடி காண்கிறேன். சின்ன ஊரில் அது பெயரையே எழுதுவதற்குச் சமம். வழக்கு விசாரணையில் இருக்கும்போது மேடையில் பேசியது ஒரு விதமாகவும் சாட்சியம் வேறு விதமாகவும் அமைந்தால், எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அதை விடவே மாட்டார்.

எனவே வழக்கு முடிவதற்கு முன்பு அவர்களைப் பொது மேடைக்கு அழைக்கவே கூடாது என்பது என் கருத்து. மீண்டு வந்தவர் எல்லாரும் தடுப்புப் பணிக்குத் தகுதியானவர் என்று கொள்வதும் சரியல்ல. அதற்குப் பயிற்சி வேண்டும், மனநிலை ஆறியிருக்க வேண்டும்.

பாலாற்றங்கரை

வழக்கறிஞர் ஐயா சொன்னதில் முதல் பாதியை முழுமையாக ஏற்கிறேன். மேடை வேறு, ஆலோசனைக் குழு வேறு. மூடிய அறையில், கூட்டக் குறிப்பில் பெயர் இல்லாமல், ஒரு பெண் 'இந்தக் கேள்வியை இப்படிக் கேட்காதீர்கள்' என்று சொல்வதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை. இரண்டாம் பாதியை ஏற்க முடியவில்லை. மனநிலை ஆறட்டும் என்று சொல்லி நாம் காத்திருக்கும் காலத்தில், அவரைத் தவிர மற்ற எல்லாரும் அவரைப் பற்றி முடிவெடுத்துவிடுகிறார்கள். ஆறிவிட்டதா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும்.

நான் கொத்தடிமை மீட்புப் பணியில் நீண்ட காலம் இருந்தவன். திருவள்ளூர், காஞ்சிபுரம் பகுதிகளில் அரிசி ஆலைகளிலும் செங்கல் சூளைகளிலும் இருந்து விடுவிக்கப்பட்டவர்கள், அவர்களில் பெரும்பாலோர் இருளர்கள், தங்களுக்கென்று சங்கம் வைத்திருக்கிறார்கள். புதிதாக ஒரு குடும்பம் விடுவிக்கப்பட்டு, கோட்டாட்சியர் அலுவலக வராந்தாவில் பயந்து அமர்ந்திருக்கும்போது, இவர்கள் போய்ப் பக்கத்தில் அமர்கிறார்கள். 'நீ வாங்கியது கடன் என்று அவன் சொல்வான், பயப்படாதே, சட்டப்படி அந்தக் கடன் செல்லாது' என்று இவர்கள் சொன்ன பிறகுதான் அந்தக் குடும்பம் அதிகாரியிடம் உண்மையைப் பேசுகிறது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976 அப்படித்தான் சொல்கிறது. ஆனால் அதே வாசகத்தை அதிகாரி சொல்லும்போது நம்பாதவர்கள் இவர்கள் சொல்லும்போது நம்புகிறார்கள். கொத்தடிமையிலிருந்து விடுவிக்கப்பட்டதாக அரசு தரும் விடுதலைச் சான்றிதழ் கையில் வராமல் ஊருக்குத் திரும்பினால் இழப்பீடு வராது, மறுபடி முன்பணம் வாங்குவதைத் தவிர வழியிராது என்பதையும் இவர்களே முதலில் சொல்லித் தருகிறார்கள். ஒரு முறை விடுபட்ட குடும்பத்தின் பிள்ளைகள் மீண்டும் சூளைக்குப் போகாமல் இருப்பது அந்தச் சான்றிதழில் அடங்கியிருக்கிறது. ஆகவே இதுவும் தடுப்புப் பணிதான்.

அந்தச் சட்டத்தின் 13ஆவது பிரிவை எடுத்துப் படித்துப் பாருங்கள். மாவட்ட அளவிலும் கோட்ட அளவிலும் அமையும் கண்காணிப்புக் குழுவில், அந்தப் பகுதியில் வாழும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த மூவரை நியமிக்க வேண்டும். பாதிக்கப்படும் மக்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே நாடாளுமன்றம் முடிவு செய்துவிட்டது. அந்த இருக்கைகளில் விடுவிக்கப்பட்டவர்களையே அமர்த்தினால் எந்த விதிக்கும் முரணாகாது. புதிதாக ஒரு குழு அமைக்கச் சொல்லிப் போராடுவதைவிட, இருக்கும் குழுக்களில் காலியாகவோ பெயருக்கோ கிடக்கும் இருக்கைகளைக் கேட்டு வாங்குவது எளிது. கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவும் அப்படித்தான். ஊராட்சித் தலைவர் தலைமையில் அமையும் அதில் குழந்தைகளின் பிரதிநிதிகள் இருவர் இருக்க வேண்டும் என்று வழிகாட்டுதல் இருந்தது. நன்றாகப் படிக்கும் பிள்ளை, ஊராட்சித் தலைவரின் உறவுப் பிள்ளை என்று அந்த இடங்களை நிரப்புவதைக் கண்டிருக்கிறேன். பள்ளியை விட்டு நின்று திரும்பி வந்த பிள்ளை அங்கே அமர்ந்தால் கூட்டத்தின் பேச்சே மாறும்.

நேபாளத்தில் இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1996இல் மும்பையில் காவல்துறை நடத்திய சோதனையில் மீட்கப்பட்டு நாடு திரும்பிய நேபாளப் பெண்கள் சிலர் சேர்ந்து 'சக்தி சமூஹா' என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். கடத்தலிலிருந்து மீண்டவர்களே நடத்தும் அந்த அமைப்புக்கு 2013இல் ராமன் மகசேசே விருது கிடைத்தது. காப்பகங்களில் தங்களை வைத்துக்கொண்டு தங்களைப் பற்றி மற்றவர்கள் முடிவெடுத்ததுதான் அவர்களைச் சேர வைத்தது. விருதைவிட அந்தக் காரணம் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மூத்தவள்

இங்கே பெண் பிள்ளைகளைப் பற்றியே பேச்சு போகிறது. நான் பெற்றோர் இல்லாத என் தம்பியை வளர்த்தவள். அவன் பட்டயப் படிப்பு முடித்தவன். தாய்லாந்தில் கணினித் தட்டச்சு வேலை என்று முகவர் ஒருவர் அழைத்துச் சென்றார். அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மருக்குக் கொண்டு போய், இணையத்தில் மனிதர்களை ஏமாற்றிப் பணம் பறிக்கும் வேலையில் அமர்த்தினார்கள். 2022இல் மியாவாடிப் பகுதியிலிருந்து தமிழ்நாட்டு இளைஞர்கள் மீட்கப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். என் தம்பி இப்போது வீட்டில் இருக்கிறான், அதற்கு மேல் அவனைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

எனக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுகிறேன். சுற்றுலா விசாவில் வெளிநாட்டு வேலைக்கு ஒருவர் அழைத்தால் அது சரியான வேலையன்று. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்பதையும், இ-மைக்ரேட் தளத்தில் அதைச் சரிபார்க்கலாம் என்பதையும், அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் முப்பதாயிரம் ரூபாயும் வரியும்தான் என்பதையும் எல்லாம் நடந்த பிறகே அறிந்தேன். முன்பு காணொளியில் பேசியவன் குரலில் மட்டும் பேசத் தொடங்கியபோதும், பேச்சுக்கு நடுவே வேறு யாரோ இருப்பதுபோல் தயங்கியபோதும் எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் அதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை. காவல் நிலையத்தில், முகவருடன் கொடுக்கல் வாங்கல் தகராறா என்று கேட்டார்கள். வயது வந்த ஆண் பிள்ளை தன் விருப்பத்தில்தானே போனான் என்றார்கள். மேலே சொல்லப்பட்ட அந்தச் சட்டப் பிரிவு எனக்கு அன்று தெரிந்திருந்தால் அங்கேயே கேட்டிருப்பேன்.

வளர்ப்பவர்களுக்கு அறிவுரை வேண்டாம். வளர்ப்பவர்களின் சந்தேகத்தைப் பதிவு செய்துகொள்ள ஓர் இடம் வேண்டும். ஆதாரம் கொண்டு வா என்று கேட்காமல், 'குரல் மாறியிருக்கிறது' என்று சொன்னாலே குறித்துக்கொள்ளும் இடம். திரும்பிய பிறகும் வீட்டில் இரவுகளைக் கடத்துவது நாங்கள்தான். அவன் வாங்கிய கடனுக்கு வட்டி கட்டுவதும் நாங்கள்தான். ஆற்றுப்படுத்துநர் அவனைப் பார்த்துவிட்டுப் போகும்போது, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

வழக்குமன்றம்

மூத்தவள் அவர்களுக்கு: சம்மதம் பொருட்டல்ல என்ற விதி ஆண், பெண், வயது என்ற வேறுபாடின்றி எல்லாருக்கும் பொருந்தும். காவல் நிலையத்தில் பதிய மறுத்தால் எழுத்து மூலம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு அஞ்சலில் அனுப்பலாம், அதன் பிறகு நீதித்துறை நடுவரை அணுகலாம். வெளிநாடு தொடர்பானவற்றுக்குச் சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், அயலகத் தமிழர் நலத்துறையும் உள்ளன. பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐ அழைக்கலாம்.

ஆலோசனைக் குழுவையும் மேடையையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று பாலாற்றங்கரை எழுதியதை ஏற்கிறேன். அப்படியானால் குழுவில் அமர்பவர்கள் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளலாம் என்பதையும், அவர்கள் கூறியது எந்த அறிக்கையிலும் மேற்கோளாக வராது என்பதையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

கரிசல்மண்

எல்லாவற்றையும் படித்துவிட்டு எங்கள் அலுவலகத்தில் பேசினேன். ஜூலை நிகழ்ச்சிக்கு ஒதுக்கிய பணத்தின் பெரும் பகுதியை மார்ச் இறுதிக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள். மார்ச் 22 கிராம சபையில் பிள்ளைகள் பாதுகாப்பைப் பொருளாக வைக்க இரண்டு ஊராட்சிகளில் கேட்கப் போகிறோம். அதற்கு முன்பு, ஆலைகளிலிருந்து திரும்பிய பெண்கள் சிலரும் வளர்க்கும் பெரியவர்கள் சிலரும் மட்டும் அமர்ந்து, தரகரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை முடிவு செய்வார்கள். நாங்கள் தேநீர் கொடுத்துக் குறிப்பெடுப்போம். தோழியை அழைத்துச் சென்ற பெண்ணின் நிலை குறித்தும் அங்கேதான் முதலில் பேச வேண்டும் என்று நினைக்கிறேன்.

பணம் கொடுப்பதில்தான் சிக்கல். 'பயனாளிக்கு மதிப்பூதியம்' என்ற தலைப்பே எங்கள் கணக்கில் இல்லை என்கிறார்கள்.

நூற்பாலைப்பெண்

பயிற்சி கொடுக்க வெளியூரிலிருந்து வருபவருக்கு என்ன தலைப்பில் கொடுக்கிறீர்களோ அதே தலைப்பில் கொடுங்கள். நாங்களும் பயிற்சிதான் கொடுக்கிறோம். ஒரு நாள் வந்தால் ஒரு நாள் கூலி போகிறது. அந்தக் கூலியும் பேருந்துக் காசும் அன்றே கையில் கிடைக்க வேண்டும், 'வங்கிக் கணக்கில் பிறகு வரும்' என்ற பேச்சை நாங்கள் ஏற்கெனவே ஒரு முறை கேட்டவர்கள். நான் என் அம்மாவுடன் வருவேன். அவரை யாரும் எதுவும் கேட்கக் கூடாது, அவராகச் சொன்னால் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திண்டுக்கல் பக்கம் பெண்கள் தலைமை தாங்கும் ஜவுளித் தொழிலாளர் சங்கம் ஒன்று 2022இல் ஓர் ஏற்றுமதி நிறுவனத்துடனும் வெளிநாட்டுத் துணி நிறுவனங்களுடனும் ஒப்பந்தம் செய்தது. அந்த ஒப்பந்தப்படி, அங்கே வேலை செய்கிற பெண்களே பயிற்சி பெற்று வேலைத் தளத்தில் கண்காணிப்பாளர்களானார்கள். ஊரில் நாம் தடுப்பது ஒரு பக்கம். போகிற பிள்ளைகள் போய்ச் சேரும் இடத்தில் கேட்க ஆள் இருந்தால்தான் ஊரில் சொல்வதும் நிற்கும். அந்தச் சங்கத்துப் பெண்கள் யாரையாவது கூட்டத்துக்கு அழையுங்கள்.

கேள்விகளைத் தாளில் மட்டும் அச்சிடாதீர்கள், பாட்டிகள் பலருக்குப் படிக்க வராது. எங்கள் ஊர்ப் பேச்சில் பதிவு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். குரல் என்னுடையதாக இருக்க வேண்டியதில்லை, என் அத்தை பேசுவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு வையுங்கள், ஊராட்சி அலுவலகத்தில் வேண்டாம், தரகர் வீடு அதற்கு எதிரில் இருக்கிறது. துண்டறிக்கையின் வரைவை அனுப்பினால் திருத்தித் தருகிறேன்.